அந்த முழிக்கிற நேரத்தை எடுத்துடாதீங்க

படிப்பு ஆப் செய்யறவங்க எல்லாருக்கும் வணக்கம்.

ஆப்புக்கு ஸ்கிரீன் வரையறவங்க, கோட் எழுதறவங்க, கேள்வி தயார் பண்றவங்க, இப்ப புதுசா ஏஐ டியூட்டர்னு ஒண்ணை வகுப்புக்குள்ள கொண்டு வர்றவங்க, உங்க எல்லாருக்கும் சேர்த்துதான் இந்த மடல், எந்த கம்பெனியையும் குறி வச்சு எழுதல. நான் ஆறாவதுலேர்ந்து எட்டாவது வரைக்கும் கணக்கு எடுக்கிற டீச்சர். 15 வருஷமாச்சு. உங்க ஆப் எல்லாம் என் வகுப்புக்குள்ள வர்றதுக்கு முன்னாடியும் பின்னம் நடத்தியிருக்கேன், வந்ததுக்கு அப்புறமும் நடத்திட்டிருக்கேன், அந்த ஒரு தகுதியிலதான் எழுதறேன்.

போன வாரம் நடந்ததுலேர்ந்து ஆரம்பிக்கிறேன். பின்னக் கூட்டல் பாடம். எல்லாரும் ஆப்ல பயிற்சி பண்ணிட்டிருந்தாங்க, நான் ஒரு பையனுக்குப் பின்னாடி போய் நின்னேன், நான் நிக்கிறது அவனுக்கு தெரியாது. திரையில 2/3 கூட்டல் 1/4 வந்துச்சு. கேள்வியை படிச்சானான்னே எனக்கு சந்தேகம், விரல் நேரா ஹின்ட் பட்டனுக்குத்தான் போச்சு. முதல் ஹின்ட், 'பகுதிகள் ரெண்டும் ஒண்ணா இருக்கா பாரு'. அதை படிக்கவே இல்ல, மறுபடி தட்டினான். ரெண்டாவது, '3க்கும் 4க்கும் மீ.சி.ம. கண்டுபிடி'. தட்டினான். மூணாவது, 'மீ.சி.ம. 12'. தட்டினான். நாலாவதுல ஆப்பே 8/12 கூட்டல் 3/12, விடை 11/12னு மொத்தத்தையும் கொட்டிடுச்சு. அவன் 11/12னு டைப் பண்ணான், திரை முழுக்க கலர் காகிதமா பொழிஞ்சுது, ஸ்டார் விழுந்துச்சு, அடுத்த கேள்வி வந்துடுச்சு. எல்லாம் சேர்த்து ஒரு இருபது செகண்ட் இருக்கும். ஹின்ட் எடுத்தா பாதி ஸ்டார்தான் கொடுப்போம்னு சொல்லுவீங்க, ஆமா பாதிதான் விழுந்துச்சு, அவனுக்கு அது தாராளமா போதும்.

வகுப்பு முடிஞ்சதும் கூப்பிட்டு ஒரு துண்டு பேப்பர்ல 2/5 கூட்டல் 1/3 எழுதிக் கொடுத்தேன். யோசிக்கவே இல்ல, 3/8னு எழுதிட்டு நீட்டினான். எப்படிடா வந்துச்சுன்னு கேட்டா, "மேல மேல கூட்டணும், கீழ கீழ கூட்டணும் மிஸ்" அப்படிங்கறான். அன்னிக்கு சாயங்காலம் டீச்சர் டேஷ்போர்டை திறந்து பாக்கறேன், அவன் பேருக்கு நேரா பச்சை கட்டம், பின்னக் கூட்டல் தேர்ச்சின்னு போட்டிருக்கு.

நான் டெக்னாலஜிக்கு எதிரி இல்லைங்க, அதை முதல்லயே சொல்லிடறேன், இல்லைனா இந்த மாதிரி கடிதத்தை ரெண்டு பத்தி படிச்சுட்டு 'பழைய ஆளு, சாக்பீஸை விட மனசில்ல'னு மூடி வச்சிடுவீங்க. எழுத்துக்கூட்டி படிக்கவே திணறின ஒரு பொண்ணு, வாசிச்சுக் காட்டற ஆப் வந்ததுக்கு அப்புறம்தான் வார்த்தைக் கணக்கை தானா போட ஆரம்பிச்சா, கணக்கு அவளுக்கு எப்பவுமே வந்துச்சு, எழுத்துதான் குறுக்க நின்னுது, அது எனக்கே அப்பதான் தெரிஞ்சுது. ஒரு வட்டத்தோட ஆரத்தை விரலால இழுத்து பெருசாக்கி, சுற்றளவு கூடவே வளர்றதை பாக்கறது, அதை போர்டுல நான் ஆயிரம் தடவை வரைஞ்சாலும் காட்ட முடியாது. இதெல்லாம் நல்லா தெரிஞ்சுதான் பேசறேன். என் புகார் ஒரே ஒரு விஷயத்தைப் பத்தி. அதுக்கு நாங்க வச்சிருக்கிற பேரு முழிக்கிறது.

ஒரு கேள்வியை பாத்ததும் பிள்ளை பேனாவை கீழ வச்சுட்டு எங்கயோ பாக்கும் பாருங்க, வாய் லேசா திறந்திருக்கும், கால் ஆடிட்டிருக்கும், வெளியிலேர்ந்து பாத்தா சும்மா உக்காந்திருக்குன்னுதான் தோணும். அந்த நேரத்துலதான் அது பழைய பாடத்தை உள்ள தேடிட்டிருக்கு, கிடைச்சதை இதோட பொருத்திப் பாத்து, பொருந்தலைன்னு தூக்கிப் போட்டுட்டு வேற ஒண்ணை எடுக்குது. படிப்புங்கறது அங்கதான் நடக்குது, நான் போர்டுல எழுதறப்ப நடக்கிறதை விட அங்க நடக்கிறதுதான் ஜாஸ்தின்னு கூட சொல்லுவேன்.

இது ஒரு டீச்சரோட மனப்பிராந்தி இல்ல. 2006ல ரோடிகர், கார்பிக்கின்னு ரெண்டு உளவியல் ஆராய்ச்சியாளர்கள் கல்லூரி மாணவர்களை வச்சு ஒரு சோதனை பண்ணாங்க. ஒரு கூட்டம் ஒரு பாடப்பத்தியை திரும்பத் திரும்ப நாலு சுற்று படிச்சுது. இன்னொரு கூட்டம் ஒரே சுற்றுதான் படிச்சுது, மிச்ச மூணு சுற்றுலயும் பத்தியை மூடி வச்சுட்டு ஞாபகம் இருக்கிறதை வெள்ளைத் தாள்ல எழுதிப் பாத்துச்சு. அஞ்சு நிமிஷம் கழிச்சு டெஸ்ட் வச்சா படிச்சவங்கதான் முன்னாடி. ஒரு வாரம் கழிச்சு வச்சா அப்படியே தலைகீழ், திரும்பத் திரும்ப படிச்சவங்களுக்கு 40 சதவீதம்தான் ஞாபகம் இருக்கு, தாள்ல முழிச்சு முழிச்சு எழுதினவங்களுக்கு 61 சதவீதம். இதுல எனக்கு ரொம்ப பிடிச்ச விஷயம் என்னன்னா, உனக்கு ஒரு வாரம் கழிச்சு எவ்வளவு ஞாபகம் இருக்கும்னு முன்கூட்டியே கேட்டப்ப, படிச்ச கூட்டம்தான் நெஞ்சை நிமித்திக்கிட்டு எங்களுக்கு நல்லா நிக்கும்னு சொன்னாங்க. அதாவது சுலபமா போற படிப்பு நல்ல படிப்புன்னு மனசு நம்மளையே ஏமாத்துது. ராபர்ட் பியோர்க்னு ஒரு உளவியல் ஆராய்ச்சியாளர் 1994லயே இதுக்கு ஒரு பேர் வச்சுட்டாரு, தமிழ்ல சொன்னா விரும்பத்தக்க சிரமம்னு வரும். பயிற்சி பண்றப்ப வேகத்தைக் குறைக்கிற அந்த சிரமம்தான் பின்னாடி நிக்க வைக்குதுங்கறாரு.

இப்ப உங்க ஆப்பை இதுக்குப் பக்கத்துல வச்சுப் பாருங்க. உங்க டிசைன் மீட்டிங்ல நீங்க அடிக்கடி சொல்ற வார்த்தை என்னவா இருக்கும்னு எனக்கு ஒரு ஊகம், தடங்கல் இல்லாம. யூசர் எங்கயும் தடுக்கி நிக்கக் கூடாது, ஒரு தட்டு தட்டினா அடுத்தது வரணும். பொருள் வாங்கற ஆப்புக்கு அது சரி, டிக்கெட் போடற ஆப்புக்கு சரி, அங்கெல்லாம் தடுக்கினா ஆளு போயிடுவான். ஆனா படிப்புல தடுக்கி நிக்கிற இடம்தானே சரக்கே, அதை வழிச்சு எடுத்துட்டு மிச்சத்தை அழகா பேக் பண்ணி கொடுத்தா நான் அதை வச்சு என்னங்க பண்றது.

உங்க துறைக்கு இது புதுசும் இல்ல. 2004லயே ரையன் பேக்கர்ங்கற ஆராய்ச்சியாளரும் கூட இருந்தவங்களும், கம்ப்யூட்டர் டியூட்டர்ல பிள்ளைங்க என்ன பண்றாங்கன்னு வகுப்புல நேரா உக்காந்து பாத்து எழுதியிருக்காங்க. ஹின்டை படபடன்னு தட்டி கடைசி விடைக்குப் போறது, இல்ல 1, 2, 3னு வரிசையா அடிச்சுப் பாக்கறது, இந்த மாதிரி சிஸ்டத்தை ஏய்க்கிற பிள்ளைங்கதான் குறைவா கத்துக்கிட்டாங்களாம், வேலையை விட்டுட்டு பக்கத்து பிள்ளைகிட்ட வாயடிச்சவங்களுக்குக் கூட அவ்வளவு பாதிப்பு தெரியலையாம். நான் 15 வருஷமா பேசாதேன்னு கத்தினதெல்லாம் வீணா போச்சேன்னு ஒரு நிமிஷம் வருத்தமா இருந்துச்சு. இது தெரிஞ்சு இருபது வருஷத்துக்கு மேல ஆச்சு, என் பையன் இன்னும் அதே நாலு தட்டு தட்டிட்டுதான் இருக்கான்.

இன்னும் பின்னாடி போனா இன்னும் வேடிக்கை. 1950கள்ல ஸ்கின்னர்னு ஒரு அமெரிக்க உளவியலாளர் ஒரு கற்பிக்கிற மெஷின் செஞ்சு காட்டினாரு, மின்சாரம் கூட பெருசா தேவைப்படாத ஒரு பெட்டி. கேள்வி ஒரு சின்ன ஜன்னல்ல தெரியும். பிள்ளை பக்கத்துல இருக்கிற காகிதப் பட்டையில தன் கையால பதிலை எழுதணும். எழுதிட்டு நெம்புகோலைத் தள்ளினாத்தான் சரியான பதில் தெரியும், அப்படித் தள்ளும்போது தான் எழுதினது ஒரு கண்ணாடிக்கு அடியில போயிடும், பாக்கலாம், ஆனா மாத்த முடியாது. நாலு விடையில ஒண்ணை தேர்ந்தெடுன்னு கொடுக்கறது அவருக்கு பிடிக்காது, பதிலை பிள்ளையே உருவாக்கணும்னு பிடிவாதமா இருந்தாரு. ஸ்கின்னரோட மத்த கொள்கை பலதும் எனக்கு ஒத்து வராது, பிள்ளைங்களை புறா மாதிரி பழக்கலாம்னு நினைச்ச மனுஷன். ஆனா அந்த நெம்புகோல்ல இருந்த நேர்மை இன்னிக்கு பல ஆப்ல இல்லைங்க. முதல்ல நீ எழுது, அப்புறம்தான் நான் சொல்லுவேன். எழுபது வருஷத்துல நாம ப்ராசஸரை எங்கயோ கொண்டு போயிட்டோம், அந்த நெம்புகோலை மட்டும் எங்கயோ தொலைச்சுட்டோம்.

சரி, இப்ப ஏஐ கதைக்கு வரேன், ஏன்னா இனிமே உங்க ஆப் எல்லாத்துலயும் அதுதான் இருக்கப் போகுது.

துருக்கியில ஒரு உயர்நிலைப் பள்ளியில கிட்டத்தட்ட ஆயிரம் பேரை வச்சு கணக்குப் பாடத்துல ஒரு ஆய்வு பண்ணாங்க, 2025ல அறிவியல் இதழ்ல வந்துச்சு. ஒரு கூட்டத்துக்கு சாட்ஜிபிடி மாதிரியே கேட்டதுக்கெல்லாம் பதில் சொல்ற ஒரு ஏஐ. இன்னொரு கூட்டத்துக்கு அதே ஏஐ, ஆனா விடையை நேரா சொல்லக் கூடாது, டீச்சருங்க எழுதிக் கொடுத்த குறிப்பை வச்சு சின்னச் சின்னதா வழி மட்டும் காட்டணும்னு கட்டிப் போட்டது. மூணாவது கூட்டத்துக்கு ஏஐயே கிடையாது, புத்தகமும் நோட்டும்தான். பயிற்சி பண்றப்ப முதல் கூட்டம் மூணாவது கூட்டத்தை விட 48 சதவீதம் நல்லா பண்ணுச்சு, ரெண்டாவது கூட்டம் 127 சதவீதம். இதோட நிறுத்தியிருந்தா எல்லாரும் விளம்பரத்துல போட்டுக்கலாம். ஆனா அடுத்து ஏஐயை வாங்கி வச்சுட்டு வெறும் கையோட பரிட்சை வச்சாங்க. முதல் கூட்டம் ஏஐயே பாக்காத பிள்ளைங்களை விட 17 சதவீதம் கீழ போயிடுச்சு. கட்டிப் போட்ட ஏஐ வச்சுப் படிச்சவங்களுக்கு அந்த அடி பெரும்பாலும் விழல. அப்பவும் பாருங்க, 127 சதவீதம் நல்லா பண்ணவங்களும் பரிட்சையில மத்தவங்களுக்கு சமமாத்தான் வந்தாங்க, மேல போயிடல. பயிற்சியில வந்த மார்க்குக்கும் தலையில ஏறினதுக்கும் உள்ள தூரம் எவ்வளவுன்னு அந்த ஒரு கணக்கே சொல்லுது.

நியாயமா இன்னொண்ணையும் சொல்லணும். ஹார்வர்ட்ல இயற்பியல் படிக்கிற 194 பேரை வச்சு பண்ண ஒரு சோதனையும் அதே 2025ல வெளிவந்துச்சு, அங்க ஏஐ டியூட்டர்கிட்ட படிச்சவங்க நல்ல வகுப்புல உக்காந்து படிச்சவங்களை விட குறைஞ்ச நேரத்துல ரெண்டு மடங்குக்கு மேல கத்துக்கிட்டாங்கன்னு வந்துச்சு. எனக்கு முதல்ல கொஞ்சம் வயித்தெரிச்சலாத்தான் இருந்துச்சு, டீச்சர் இல்லையா. அப்புறம் அந்த டியூட்டரை எப்படி செஞ்சாங்கன்னு படிச்சேன். ஒரு நேரத்துக்கு ஒரே அடிதான் எடுத்து வைக்கும், முழு விடையை ஒரே மூச்சுல கொட்டாது, நீ என்ன நினைக்கிறேன்னு முதல்ல கேக்கும், சரியான விடைக்கான ஒவ்வொரு படியையும் ஆசிரியர்களே முன்கூட்டி எழுதிக் கொடுத்திருக்காங்க. அதாவது டெக்னாலஜி ஒண்ணுதான், முழிக்க விடற மாதிரி செஞ்சா ஒரு பலன், முழிக்க விடாம செஞ்சா வேற பலன். இது உங்க கையிலதான் இருக்குங்கறதுக்கு இதுக்கு மேல எனக்கு சாட்சி வேண்டாம், அதனாலதான் இந்த மடலை அரசாங்கத்துக்கு எழுதாம உங்களுக்கு எழுதறேன்.

இதுக்கு நடுவுல விடை கொட்டற ஏஐயை ஒரு கையால வித்துட்டு, இன்னொரு கையால 'இதை ஏஐ எழுதுச்சான்னு கண்டுபிடிச்சுத் தர்றோம்'னு வேற வந்தீங்க பாருங்க, அதை என்னன்னு சொல்ல. எனக்குத் தெரிஞ்ச ஒரு பள்ளியில ஒரு பொண்ணு, ஆங்கிலம் அவளுக்கு வீட்டு மொழி இல்ல, கத்துக்கிட்ட சின்னச் சின்ன வாக்கியமா நேரா எழுதுவா. அவ கட்டுரையை உங்க மாதிரி ஒருத்தர் செஞ்ச டிடெக்டர், மெஷின் எழுதினதுன்னு சொல்லிடுச்சு. அவ அழுதுகிட்டே ரஃப் நோட்டை கொண்டு வந்து, அடிச்சுத் திருத்தின பக்கத்தையெல்லாம் ஒண்ணொண்ணா காட்டினா. அதைப் பாத்துத்தான் நம்பினாங்க. 2023ல ஸ்டான்ஃபோர்ட் ஆராய்ச்சியாளர்கள் ஏழு டிடெக்டரை எடுத்து, ஆங்கிலம் தாய்மொழி இல்லாதவங்க டோஃபல்ங்கற ஆங்கிலத் தேர்வுக்கு எழுதின கட்டுரைங்களை கொடுத்துப் பாத்தாங்க, சராசரியா பாதிக்கு மேல மெஷின் எழுதினதுன்னு தப்பா சொல்லுச்சு. சாட்ஜிபிடி செஞ்ச ஓப்பன்ஏஐயே தன்னோட டிடெக்டரை சரியா கண்டுபிடிக்க மாட்டேங்குதுன்னு அதே வருஷம் ஜூலையில எடுத்துடுச்சு. ஆனா அந்தப் பொண்ணை காப்பாத்தினது எது பாருங்க, அடிச்சுத் திருத்தின பக்கம். அவ முழிச்சதுக்கான தடயம் காகிதத்துல இருந்துச்சு. உங்க ஆப்ல அந்தத் தடயம் எங்க இருக்கு? கடைசியா டைப் பண்ண விடை மட்டும்தானே நிக்குது.

முழிக்கிறதுலயும் ரெண்டு வகை உண்டு, இதை மட்டும் கொஞ்சம் நின்னு சொல்ல விடுங்க, ஏன்னா இதை சொல்லலைனா நாளைக்கே 'சரி, ஹின்டை எடுத்துடறோம்'னு கிளம்பிடுவீங்க, அது இதை விட மோசம்.

ஒண்ணு தேடிட்டு முழிக்கிறது, இன்னொண்ணு கண்ணைக் கட்டி காட்டுல விட்ட மாதிரி முழிக்கிறது. வெளியிலேர்ந்து பாக்க ரெண்டும் ஒரே மாதிரிதான் இருக்கும். புதுசா வந்த டீச்சருக்கு கூட வித்தியாசம் தெரியாது, எனக்கே நாலஞ்சு வருஷம் ஆச்சு. தேடற பிள்ளையோட கண்ணு பேப்பருக்கும் வெளியவும் போய்ப் போய் வரும், பேனா முனை காத்துல எதையோ எழுதும். தொலைஞ்சு போன பிள்ளை பேப்பரை பாக்கவே பாக்காது, என்னைப் பாக்கும், இல்லைனா பக்கத்து நோட்டைப் பாக்கும். முதல் பிள்ளைகிட்ட நான் போனா கெடுத்துடுவேன், ரெண்டாவது பிள்ளைகிட்ட போகலைன்னா கெடுத்துடுவேன். என் வேலையில பாதி இதுதான், எப்ப போகக் கூடாதுங்கறது.

2020ல உலகம் முழுக்க பள்ளிங்க மூடினப்ப, யுனெஸ்கோ கணக்குப்படி 190 நாட்டுக்கு மேல, ஏறக்குறைய 160 கோடி மாணவர்கள் வீட்டுல உக்காந்துட்டாங்க. நானும் கறுப்புக் கட்டத்தைப் பாத்து பின்னம் நடத்தினேன். கேமரா ஆஃப், மைக் ஆஃப், புரிஞ்சுதான்னு கேட்டா 'எஸ் மிஸ்'னு சாட்ல வரிசையா வந்து விழும். அன்னிக்கு எனக்கு இல்லாம போனது போர்டு இல்ல, அந்த முழிதான். யார் தேடறாங்க யார் தொலைஞ்சுட்டாங்கன்னு தெரியாம இருட்டுல கல்லு எறிஞ்ச மாதிரி ஒரு வருஷம் போச்சு. தனியா முழிக்கிறவங்க எழுந்து போயிடுவாங்கங்கறதுக்கும் கணக்கு இருக்கு. 2012ல இணையத்துல இலவச பல்கலைக்கழகப் பாடம் வந்தப்ப இனிமே கல்லூரியே வேண்டாம்னு பேசினாங்க, எம்ஐடியும் ஹார்வர்டும் எட்எக்ஸ்ங்கற இணையதளத்துல நடத்தின பாடங்களை 2019ல ரெண்டு பேர் அலசிப் பாத்தப்ப, சேர்ந்தவங்கள்ல பாதிப் பேர் பாடத்துக்குள்ள எட்டிக்கூட பாக்கல, 2017-18ல முடிச்சவங்க நூத்துக்கு மூணு பேரு சொச்சம்தான். பாடம் நல்ல பாடம்தான். முழிக்கிறப்ப பக்கத்துல ஒரு ஆளு இல்ல, அவ்வளவுதான்.

சாதனத்தை கையில கொடுத்துட்டா படிப்பு தானா வந்துடும்னு நம்பி பெரு நாட்டுல ஒன்பது லட்சம் லேப்டாப் வரைக்கும் கொடுத்தாங்க. 2012ல வந்த ஆய்வுல கணக்கு, மொழி ரெண்டுலயும் மார்க் ஏறினதுக்கு அடையாளமே இல்ல. இதைப் பத்தி நிறைய பேர் நிறைய எழுதிட்டாங்க, நான் மறுபடி கிளற விரும்பல. ஆனா டெல்லியில 619 பிள்ளைங்களை வச்சு பண்ண ஒரு ஆய்வுல, பள்ளி நேரத்துக்கு அப்புறம் மையத்துக்கு வந்து கம்ப்யூட்டர்ல படிச்சவங்க நாலரை மாசத்துல கணக்குல நல்லா முன்னேறினாங்க, 2019ல வெளிவந்துச்சு. அங்க மென்பொருள் ஒரு வேலையைத்தான் ஒழுங்கா பண்ணுச்சு, பிள்ளை நிஜமா எந்த வகுப்பு அளவுல இருக்குன்னு கண்டுபிடிச்சு அங்கேர்ந்து ஆரம்பிச்சுது, ஏன்னா எட்டாவது புத்தகம் கையில இருந்தாலும் பல பிள்ளைங்க நாலாவது அளவுலதான் இருந்தாங்க. அதோட ஒரு ஆளு வச்சு சின்னக் கூட்டமா உக்கார வச்சு பாடமும் சொல்லிக் கொடுத்தாங்க. சரியான உயரத்துல தடை வச்சாத்தான் பிள்ளை தாண்டப் பாக்கும், தலைக்கு மேல வச்சா உக்காந்துடும், காலுக்குக் கீழ வச்சா மிதிச்சுட்டு போயிடும். நாப்பது பேர் இருக்கிற வகுப்புல அந்த உயரத்தை ஆளுக்கு ஆளு மாத்தி வைக்க என்னால முடியாதுங்க. உங்களால முடியும். நான் உங்ககிட்ட உதவி கேக்கிற இடமும் அதுதான்.

என்ன வேணும்னு நேராவே கேட்டுடறேன். ஹின்ட் பட்டன் கேள்வி வந்த உடனே எரிய வேண்டாம், பிள்ளை ஏதாவது ஒண்ணை, தப்பானாலும் சரி, எழுதினதுக்கு அப்புறம் எரியட்டும். கடைசி ஹின்ட்ல விடை இருந்தே தீரணும்னா, அதைப் பாத்துட்டு அதையே டைப் பண்றதுக்கு ஸ்டார் வேண்டாம், அதே மாதிரி வேற ஒரு கணக்கை மறுநாள் கொடுங்க, அதை போட்டா கொடுங்க. தேர்ச்சின்னு பச்சை அடிக்கிறதை அன்னிக்கே அடிக்காதீங்க, ஒரு வாரம் பொறுங்க, சொல்லாம கொள்ளாம ஒரு கேள்வியை நடுவுல நுழைங்க, அப்பவும் வந்தா அடிங்க. எபிங்கவுஸ்ங்கற ஜெர்மன் உளவியலாளர் தன்னையே சோதிச்சுப் பாத்து, படிச்சது எவ்வளவு வேகமா மறக்குதுன்னு புத்தகம் போட்டது 1885ல, அதுக்கு அப்புறமும் அன்னிக்கே மார்க் போட்டு அன்னிக்கே கொண்டாடறது என்ன அவசரம்னு எனக்குப் புரியல. தினமும் வந்தா நெருப்புப் படம், ஒரு நாள் விட்டா அது அணைஞ்சு போகும்னு பயமுறுத்தறதை விட்டுடுங்க. என் வகுப்புல ஒரு பொண்ணு ஜுரத்துல படுத்துக்கிட்டு அந்த நெருப்பு அணையக் கூடாதுன்னு அக்காவை விட்டு தட்டச் சொல்லியிருக்கா, உங்க கணக்குல அவ அன்னிக்கும் படிச்சிருக்கா.

எல்லாத்துக்கும் மேல ஒண்ணு. தப்பை தூக்கிப் போடாதீங்க. 3/8னு எழுதினான் பாருங்க, அந்த வகுப்புல அன்னிக்கு எனக்குக் கிடைச்ச உருப்படியான தகவலே அது ஒண்ணுதான். ஏதோ வாய்க்கு வந்ததை அடிக்கல, அவன் மனசுல ஒரு விதி இருக்கு, மேல ஒரு நம்பர் கீழ ஒரு நம்பர், ரெண்டும் தனித்தனி ஆளுன்னு. பின்னம்ங்கறது ஒரே அளவுங்கறது அவனுக்கு இன்னும் விழவே இல்ல. அது தெரிஞ்சா நான் அடுத்த நாள் என்ன பண்ணணும்னு எனக்குத் தெரியும். உங்க ஆப்ல அவன் எப்பவாவது அதை டைப் பண்ணியிருந்தா ஒரு சிவப்புப் பெருக்கல் குறி, டொய்ங்னு ஒரு சத்தம், அப்புறம் அது காணாம போயிருக்கும். எனக்கு டேஷ்போர்டுல சதவீதம் வேண்டாம், வட்டப்படம் வேண்டாம், இன்னிக்கு வகுப்புல விழுந்த தப்பெல்லாம் அப்படியே, எழுதினது எழுதினபடி, ஒரே பக்கத்துல கொடுங்க. டீ குடிக்கிற நேரத்துல படிச்சுடுவேன்.

அப்புறம், அந்தப் பிள்ளைங்க தப்பு எனக்கு மட்டும் வரட்டும். 2022ல ஹ்யூமன் ரைட்ஸ் வாட்ச்ங்கற மனித உரிமை அமைப்பு 49 நாட்டுல அரசாங்கங்க சிபாரிசு பண்ண படிப்பு ஆப், வெப்சைட்டெல்லாம் அலசிப் பாத்துட்டு, பத்துல ஒன்பது கிட்ட பிள்ளைங்க உரிமைக்கு ஆபத்து வர்ற மாதிரி தகவல் எடுக்குதுன்னு சொன்னாங்க. பன்னெண்டு வயசுல ஒருத்தன் பின்னத்துல தடுமாறினது விளம்பரக் கம்பெனிக்கு எதுக்குங்க?

இப்ப அந்தப் பையன் கதையோட மிச்சம். அடுத்த நாள் அவனைக் கூப்பிட்டு, "உன் வழியிலயே 1/2 கூட்டல் 1/4 போடு"ன்னேன். 2/6னு போட்டான். ரெண்டு காகிதப் பட்டை கொடுத்தேன், ரெண்டும் ஒரே நீளம். ஒண்ணுல பாதி காட்டு, இன்னொண்ணுல 2/6 காட்டுன்னு சொல்லிட்டு வேற பிள்ளைகிட்ட போயிட்டேன். டேப்லெட் பக்கத்துல திறந்தே கிடந்துச்சு, நான் மூடச் சொல்லல, அவனும் தொடல. பாதி மடிக்கிறது உடனே ஆச்சு. ஆறா மடிக்கிறதுக்கு தடுமாறினான், பாதி, பாதியில பாதின்னு மடிச்சுப் பாத்தான், நாலு வந்துச்சு, மறுபடி மடிச்சான், எட்டு வந்துச்சு, பிரிச்சுப் போட்டுட்டு ஜன்னல் பக்கம் பாத்துக்கிட்டு உக்காந்திருந்தான். எனக்கு கை அரிச்சுது, போய் சொல்லிடலாமான்னு. போகல. அப்புறம் முதல்ல மூணா மடிச்சு அதை பாதியாக்கினான். ரெண்டு பட்டையையும் ஒண்ணு மேல ஒண்ணு வச்சுப் பாத்தான். ரொம்ப நேரம் பாத்தான்.

"மிஸ், கூட்டினதுக்கு அப்புறம் குறைஞ்சு போச்சு."

எப்படி குறையும்னு கேட்டேன்.

"குறையக் கூடாது. அப்ப என் வழி தப்பு." கொஞ்ச நேரம் கழிச்சு அவனே, "துண்டு சைஸ் வேற வேறயா இருக்கு மிஸ், அதை எப்படி சேத்து எண்ணறது" அப்படின்னான். ஹின்ட் நம்பர் ஒண்ணு, 'பகுதிகள் ரெண்டும் ஒண்ணா இருக்கா பாரு', அதை இப்ப அவன் என்னைக் கேக்கறான்.

அன்னிக்கு சாயங்காலமும் டேஷ்போர்டை திறந்தேன். அவன் பேருக்கு நேரா பச்சை இல்ல, மஞ்சள் கட்டம், 'இன்று ஈடுபாடு குறைவு'ன்னு. கீழ அதுக்குக் காரணமும் போட்டிருந்துச்சு: செயலற்ற நேரம், 19 நிமிடம்.

அந்தப் பேரை முதல்ல மாத்துங்க.

இப்படிக்கு,
ஒரு கணக்கு டீச்சர்